மைலேஜ் எவ்வளவு தருது? - பெரிய ஹைப்ரிட் வண்டிகளின் கதை



யாராவது புதுக் கார் வாங்கி பேஸ்மென்டில் கொண்டுவந்து நிறுத்தினால் நாம் கேட்கும் முதல் கேள்வி விலை. அடுத்தது, "மைலேஜ் எவ்வளவு தருது?" வாங்கியவரும் லிட்டருக்கு 12, 15, 20 என்று ஒரு எண்ணைச் சொல்வார். எண் பெரிதாக இருந்தால் பாராட்டுவோம். சின்னதாக இருந்தால் ஒரு "ஓஹோ"வோடு லிஃப்ட் பக்கம் நகர்ந்துவிடுவோம். அந்த ஒற்றை எண்ணை வைத்து எடை போட்டதால் ஒரு நல்ல வண்டி கேலிக்கு ஆளாகி, ஆறே மாடல் வருடங்களில் சந்தையை விட்டுப் போன கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

கதை நடந்தது அமெரிக்காவில். பிள்ளைகள் அங்கே இருப்பதால் போய் வந்தவர்கள் நம்மில் பலர். அங்கே எட்டுப் பேர் உட்காரும் பெரிய எஸ்.யு.வி.களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை அங்கே 'ஃபுல் சைஸ்' என்கிறார்கள். நீளம் ஐந்து மீட்டருக்கு மேல், அகலம் இரண்டு மீட்டர், எடை இரண்டரை டன். நம் பேஸ்மென்டில் நிறுத்தினால் வால் பகுதி நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு செயலாளருக்குப் புகார் போகும்.

இவ்வளவு பெரிய வண்டியைக் குடும்பத்துக்கென்று ஏன் வாங்குகிறார்கள்? வசதி, பாதுகாப்பு, படகையோ டிரெய்லரையோ இழுத்துச் செல்லும் தேவை என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் காமர்ஸ் படித்தவனுக்குச் சட்டமும் வரியும்தான் முதலில் கண்ணில் படும். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்திய பிறகு, 1975இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கார் கம்பெனிகள் விற்கும் வண்டிகள் சராசரியாக இவ்வளவு மைலேஜ் தந்தாக வேண்டும் என்பது விதி. கார்களுக்கு அந்த அளவு கேலனுக்கு 27.5 மைல் வரை உயர்ந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். சிறிய லாரி வகைக்கு மட்டும் சலுகை. 1990களின் பிற்பகுதியில் அவற்றுக்குக் கேலனுக்கு 20.7 மைல் போதும், அதாவது லிட்டருக்கு 8.8. விவசாயிகளும் மேஸ்திரிகளும் ஓட்டும் பிக்கப் வண்டிகளை மனதில் வைத்துக் கொடுத்த சலுகை இது. எஸ்.யு.வி.யும் அதே லாரிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டதுதானே என்று கம்பெனிகள் அதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொண்டன.

வருமான வரியிலும் ஒரு வழி இருந்தது. ஆளும் சரக்குமாக மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டும் வண்டியைத் தொழிலுக்கு என்று வாங்கினால், அதன் விலையை வருடக்கணக்காகத் தேய்மானம் எழுதாமல் முதல் வருடமே செலவில் கழித்துக்கொள்ளலாம். 2003இல் அந்த வரம்பை ஒரு லட்சம் டாலராக உயர்த்தினார்கள். பல் டாக்டரும் வீட்டுத் தரகரும்கூட மூன்று டன் வண்டி வாங்கியதில் வியப்பில்லை. 2004 அக்டோபரில் எஸ்.யு.வி.களுக்கு மட்டும் அதை 25,000 டாலராகக் குறைத்தார்கள். நம் ஊரில் நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்றதும் டிக்கியை வெட்டிய கார்கள் வந்தன. அங்கே எடை கூடினால் வரி குறைவு என்றார்கள், வண்டி பெருத்தது. வரி விதி எழுதுபவர்தான் வண்டியை டிசைன் செய்கிறார் என்று சில நேரம் தோன்றும்.

இனி ஹைப்ரிட் பக்கம் வருவோம். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் சேமித்து மறுபடி பயன்படுத்தும் வண்டி. டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய குடும்பக் காரில் இதை அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியவர் ஒருவர் உண்டு.

அவர் பெயர் விக்டர் வூக். மின் பொறியாளர். நாவலாசிரியர் ஹெர்மன் வூக்கின் தம்பி. 1970களின் தொடக்கத்தில், புகை குறைந்த கார் செய்து காட்டுபவர்களை ஊக்குவிக்க அமெரிக்க அரசு ஒரு திட்டம் அறிவித்தது. வூக்கும் அவருடைய கூட்டாளியும் அதற்காக 1972ஆம் வருட பியூக் ஸ்கைலார்க் காரை எடுத்துக்கொண்டார்கள். நீண்ட மூக்கும் அகலமான இருக்கையுமாக, அந்தக் கால அமெரிக்கக் குடும்பங்கள் ஓட்டிய வகைக் கார். அதன் பெரிய எஞ்சினை எடுத்துவிட்டு ஒரு சிறிய மாஸ்டா ரோட்டரி எஞ்சினையும் ஒரு மின் மோட்டாரையும் பேட்டரிகளையும் பொருத்தினார்கள். 1974இல் ஆன் ஆர்பர் நகரில் உள்ள அரசு சோதனைக்கூடத்தில் அந்தக் காரைச் சோதித்தார்கள். புகை வெகுவாகக் குறைந்திருந்தது. மைலேஜ் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனாலும் அரசு திட்டத்தைத் தொடரவில்லை, 1976இல் கைவிட்டுவிட்டது. அந்த ஸ்கைலார்க்கின் உடலைத் தந்தது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வூக் 2005இல் காலமானார். பிரியஸ் தெருவில் ஓடுவதைப் பார்க்கும் வரை இருந்தார் என்பது ஒரு ஆறுதல்.

அதே ஜெனரல் மோட்டார்ஸ் முப்பது வருடம் கழித்து இந்தத் துறையில் இறங்கியபோது வேறு வழியில் யோசித்தது. சின்னக் கார் ஏற்கெனவே கொஞ்சம்தான் குடிக்கிறது, அதிகம் குடிப்பது பெரிய வண்டி, அதை முதலில் திருத்தினால்தான் மிச்சம் அதிகம் என்பது அவர்கள் வாதம். தொடங்கியது பஸ்ஸில். அதன் அலிசன் பிரிவு தயாரித்த ஹைப்ரிட் அமைப்போடு 2004இல் சியாட்டில் நகரப் போக்குவரத்துக் கழகம் 200க்கும் மேற்பட்ட நீளமான பஸ்களை வாங்கியது. நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு இது ஏற்ற ஏற்பாடு என்பது உங்களுக்கே புரியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக், ஒவ்வொரு பிரேக்கிலும் கொஞ்சம் மின்சாரம்.

அடுத்து அதைச் சிறிதாக்கி எஸ்.யு.வி.க்குள் வைக்க வேண்டும். இந்தச் செலவுக்கு ஜெனரல் மோட்டார்ஸும் டைம்லர் கிரைஸ்லரும் கைகோத்தன. 2005இல் பி.எம்.டபிள்யூ.வும் சேர்ந்துகொண்டது. மூன்று போட்டியாளர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்ததிலிருந்தே பிரியஸ் கொடுத்த பயம் எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

அப்படி வந்ததுதான் 2008 மாடலாக வெளியான செவர்லே டாஹோ ஹைப்ரிட். 6 லிட்டர் வி-8 எஞ்சின், 332 குதிரைத்திறன். ஹைப்ரிட் என்றால் சின்ன எஞ்சின் என்று நினைப்பவருக்கு இதுவே அதிர்ச்சி. கியர்பாக்ஸ் இருக்கும் இடத்தில் இரண்டு மின் மோட்டார்களும் நாலு நிலையான கியர்களும் அடங்கிய ஒரு பெட்டி. பின் இருக்கைக்கு அடியில் 300 வோல்ட் பேட்டரி. மெதுவாகப் போகும்போது எஞ்சின் அணைந்து மோட்டார் மட்டும் வண்டியை நகர்த்தும். சமவெளியில் சீராக ஓடும்போது எட்டு சிலிண்டரில் நாலு ஓய்வெடுக்கும். சிக்னலில் எஞ்சின் நின்றாலும் ஏ.சி. நிற்காது, ஏனென்றால் அதன் கம்ப்ரசர் பேட்டரியில் ஓடுகிறது. எடையைக் குறைக்க பானெட்டையும் பின்கதவையும் அலுமினியத்தில் செய்து, இருக்கைகளையும் மெலிதாக்கினார்கள்.

பலன், அரசின் சோதனைக் கணக்குப்படி, நகர ஓட்டத்தில் கேலனுக்கு 21 மைல். சாதாரண டாஹோ தந்தது 14. அந்த 21 என்பது அதே வருடத்து நாலு சிலிண்டர் டொயோட்டா கேம்ரியின் நகர மைலேஜுக்குச் சமம். இரண்டரை டன் எடையில் எட்டுப் பேரை ஏற்றும் வண்டி, ஐந்து பேர் உட்காரும் செடான் அளவே நகரில் பெட்ரோல் குடிக்கிறது! 2007 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கார் கண்காட்சியில் கிரீன் கார் ஜர்னல் பத்திரிகை இதற்கு 'ஆண்டின் பசுமைக் கார்' விருது கொடுத்தது.

விருது அறிவித்ததும் பாராட்டைவிடச் சிரிப்பே அதிகம் கேட்டது. வி-8 போட்ட ராட்சதனுக்குப் பசுமை விருதா என்று ஏளனம். போதாக்குறைக்கு, வண்டியின் பக்கவாட்டிலும் கண்ணாடியிலும் 'ஹைப்ரிட்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். எதற்கு அவ்வளவு பெரிய எழுத்து? அந்த வருடம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு சந்தை ஆய்வின் முடிவை வெளியிட்டிருந்தது. பிரியஸ் வாங்கியவர்களில் 57 சதவீதம் பேர், இந்தக் கார் என்னைப் பற்றி நாலு பேருக்கு ஏதோ சொல்கிறது என்பதையே வாங்கிய முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். பெட்ரோல் மிச்சம் என்றவர்கள் 36 சதவீதம்தான். பிரியஸின் உருவமே தனி, தூரத்திலிருந்தே தெரியும். டாஹோ ஹைப்ரிடோ பக்கத்து வீட்டு சாதாரண டாஹோ மாதிரியே இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வாங்கியவர்களின் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது. அது அவரவர் ஓட்டும் சாலையைப் பொறுத்தது. நகரத்துக்குள் பள்ளிக்கூடம், கடை, அலுவலகம் என்று சுற்றியவருக்கு நிறைவு. பெட்ரோல் பங்க் போகும் தடவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சிக்னலில் நிசப்தம். நெடுஞ்சாலைக்காரருக்கு ஏமாற்றம். அங்கே சாதாரண டாஹோ 20, ஹைப்ரிட் 22. இவ்வளவு பணம் கொடுத்து இரண்டு மைலா என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. படகு இழுப்பவருக்கும் குறை இருந்தது. இது இழுக்கும் எடை 2.8 டன்தான், சாதாரண டாஹோ அதைவிட அதிகம் இழுக்கும். பெரிய வண்டியை வாங்குவதற்கு அவர் சொல்லும் காரணமே அதுதானே.

இப்போது அந்த ஒற்றை எண்ணுக்கு வருகிறேன். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டால் நல்லது. நம் அளவில் சொன்னால், சாதாரண டாஹோ நகரில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர், ஹைப்ரிட் 9. கூடியது 3. நகரில் 12 கிலோமீட்டர் தரும் ஒரு சின்னக் காரை விட்டு, அப்போதைய பிரியஸுக்கு மாறினால் லிட்டருக்கு 20. கூடியது 8. எது அதிக பெட்ரோலை மிச்சப்படுத்தியது? நம்மில் பத்தில் ஒன்பது பேர் பிரியஸ் என்போம்.

100 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். 6 தரும் வண்டிக்கு 16.7 லிட்டர் வேண்டும். 9 தரும் வண்டிக்கு 11.1. மிச்சம் 5.6 லிட்டர். 12 தரும் காருக்கு 8.3 லிட்டர், 20 தருவதற்கு 5. மிச்சம் 3.3 லிட்டர். கேலிக்கு ஆளான டாஹோதான் அதிகம் மிச்சப்படுத்தியது, அதுவும் ஒன்றரை மடங்குக்கும் மேல். டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008 ஜூனில் சயன்ஸ் இதழில் இதைத்தான் எழுதினார்கள். ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்ற அளவு மக்களை ஏமாற்றுகிறது, குறிப்பிட்ட தூரத்துக்கு எத்தனை கேலன் என்று சொன்னால்தான் சரியாக முடிவெடுக்கிறார்கள் என்று சோதனை செய்து காட்டினார்கள். பின்னத்தில் கீழே இருக்க வேண்டியதை மேலே வைத்துவிட்டோம், அவ்வளவுதான் விஷயம். வட்டி விகிதத்தை ஃப்ளாட் ரேட்டில் சொல்வதற்கும் குறையும் நிலுவையில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் போல. கடனில் ஒரு பைசா மாறவில்லை, ஆனால் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒன்று மலிவாகவும் மற்றது விலை அதிகமாகவும் தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மிச்சம் அதிகம் என்பதால் டாஹோ சிக்கனமான வண்டி ஆகிவிடாது. அது 11 லிட்டர் குடிக்கும் இடத்தில் பிரியஸ் குடிப்பது 5. நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பசுமைக்காக டாஹோ ஹைப்ரிட் வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் எட்டு இருக்கை வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட வீடு, ஏற்கெனவே பெரிய வண்டி வைத்திருக்கும் வீடு, அமெரிக்காவில் லட்சக்கணக்கில் உண்டு. அவர்கள் சாதாரண டாஹோவை விட்டு இதற்கு மாறியிருந்தால் நாட்டின் எண்ணெய்க் கணக்கில் அது தெரிந்திருக்கும். சிரித்தவர்கள் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

அவர்கள் ஏன் மாறவில்லை? விலை. டாஹோ ஹைப்ரிடின் தொடக்க விலை 50,000 டாலருக்குச் சற்று மேல். எந்த வசதியுள்ள சாதாரண டாஹோவோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கூடுதல் விலை மாறும். கணக்குக்காக 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அரசு 2,200 டாலர் வரிச்சலுகை கொடுத்தது. மீதி 3,800. வருடத்துக்கு 10,000 மைல், முழுக்க நகரில் ஓட்டினால் 238 கேலன் மிச்சம். 2008 ஜூலையில் அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி விலை கேலனுக்கு 4.11 டாலரைத் தொட்டது. 4 டாலர் என்று போட்டால் வருடத்துக்கு 952 டாலர். நாலு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். எந்த வங்கியும் இந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுக்கும்.

அந்த வருடக் கடைசியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது, உலகமே ஆடியது. டிசம்பரில் அமெரிக்காவில் பெட்ரோல் 1.70 டாலருக்கும் கீழே போய்விட்டது. அதே 238 கேலனுக்கு இப்போது மிச்சம் சுமார் 405 டாலர். பணம் திரும்ப ஒன்பது வருடத்துக்கு மேல். நகரம் பாதி, நெடுஞ்சாலை பாதி என்று ஓட்டுபவருக்கு ஏறக்குறைய பதினாறு வருடம். இதில் வட்டியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் சில வீடுகளில் அந்தப் பணம் திரும்பவே திரும்பாது. வண்டி அதேதான், எஞ்சின் அதேதான், ஐந்து மாதத்தில் நல்ல முதலீடு மோசமான முதலீடாகிவிட்டது. அதனால்தான் 2008 கோடையில் வாங்கியவரின் அபிப்பிராயத்தையும் 2009இல் வாங்கியவரின் அபிப்பிராயத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கூடாது என்பேன்.

கிரைஸ்லரின் கதை இன்னும் சோகம். அவர்கள் அதே அமைப்பை டாட்ஜ் டுராங்கோ, கிரைஸ்லர் ஆஸ்பென் என்ற இரண்டு பெரிய எஸ்.யு.வி.களில் வைத்தார்கள். டெலவர் மாநிலத்தின் நுவார்க் ஆலையில் 2008இன் பிற்பகுதியில் உற்பத்தி தொடங்கியது. அந்த டிசம்பரிலேயே ஆலையை மூடிவிட்டார்கள். சில மாதங்கள்கூட முழுதாகத் தயாராகாத ஒரு வண்டியை வாங்கியவர், உதிரி பாகத்துக்கு எங்கே போவார்? அதே டிசம்பரில், சாதாரண டாஹோக்கள் தயாரித்து வந்த விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் ஆலையும் மூடப்பட்டது. 2009 ஜூன் 1ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு கொடுத்தது.

டாஹோ ஹைப்ரிடின் விற்பனை முதல் வருடம்கூட நாலாயிரத்தை எட்டவில்லை. அந்த வருடம் மொத்த டாஹோ 90,000க்கு மேல் விற்றது. கடைசி வருடங்களில் ஹைப்ரிட் விற்பனை சில நூறுதான். 2013 மாடலோடு நிறுத்திவிட்டார்கள். பேட்டரிக்கும் ஹைப்ரிட் பாகங்களுக்கும் எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி கொடுத்திருந்தார்கள். அது முடிந்த பிறகு, இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேட வேண்டிய நிலை. எந்த வண்டியையும் இரண்டாம் கையாக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், மொத்தம் எத்தனை விற்றது என்று. கொஞ்சம் விற்ற வண்டி எவ்வளவு நல்லதானாலும் பத்து வருடம் கழித்து அநாதை.

இந்தக் கதை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு சின்ன மாற்றம் நடந்தது. 2013 மாடலிலிருந்து அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டும் அரசு லேபிளில், கேலனுக்கு எத்தனை மைல் என்ற எண்ணோடு 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணையும் அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. பெரிய எழுத்தில் பழைய எண், பக்கத்தில் பொடி எழுத்தில் புதிய எண். ஐரோப்பாவிலோ 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் வெகுகாலமாகச் சொல்கிறார்கள். டாஹோ ஹைப்ரிடுக்கு அந்த லேபிள் கிடைத்தது அதன் கடைசி வருடத்தில்.

பெரிய ஹைப்ரிட் மறுபடி தலைகாட்டியது டொயோட்டாவின் செக்கோயாவில். டாஹோவுக்குப் போட்டியாக வந்து 2001 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் வண்டி அது. முந்தைய செக்கோயாவில் 5.7 லிட்டர் வி-8 எஞ்சின், மைலேஜ் சராசரி கேலனுக்கு 15, அதாவது லிட்டருக்கு 6.4. 2023 மாடலில் அதை எடுத்துவிட்டு, இரட்டை டர்போ கொண்ட வி-6 எஞ்சினையும் மின் மோட்டாரையும் வைத்தார்கள். சேர்ந்து 437 குதிரைத்திறன். சராசரி 22, லிட்டருக்கு 9.4. அதாவது 100 கிலோமீட்டருக்குச் சுமார் 5 லிட்டர் மிச்சம். இழுக்கும் எடையும் குறையவில்லை, 4.3 டன் வரை கூடியது. படகுக்காரருக்கு இந்தத் தடவை குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் பார்வையில் டொயோட்டாவின் புத்திசாலித்தனம் எஞ்சினில் இல்லை, விலைப்பட்டியலில் இருக்கிறது. செக்கோயாவில் ஹைப்ரிட் இல்லாத மாடலே கிடையாது. எனவே ஹைப்ரிடுக்குக் கூடுதலாக எவ்வளவு, அது எத்தனை வருடத்தில் திரும்பும் என்ற கேள்வியையே யாரும் கேட்க முடியாது. நான் மேலே போட்ட கணக்கைப் போட இடமில்லை! பக்கவாட்டில் பெரிய ஸ்டிக்கரும் இல்லை. சேமிப்பைப் பற்றி அதிகம் பேசாமல் இழுவிசையைப் பற்றிப் பேசித்தான் விற்றார்கள். அது விற்பனைக்கு வந்த 2022இல் அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி முதல் முறையாக 5 டாலரைத் தாண்டியது என்பது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஓட்டுபவர்களின் புகார் இந்தத் தடவை வேறு இடத்திலிருந்து வந்தது. பேட்டரியைப் பின்பக்கம் மூன்றாவது வரிசைக்கு அடியில் வைத்ததால் அங்கே தரை உயர்ந்துவிட்டது. கடைசி இருக்கையை மடக்கினால் பழைய வண்டி போலச் சமதளமாகாது, மேடாக நிற்கும். அலமாரி போல ஒரு பலகையை வைத்துச் சமாளிக்கச் சொன்னது கம்பெனி. பழைய செக்கோயாவில் பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தது. புதியதில் டுண்ட்ரா பிக்கப்பைப் போல ஒரே அச்சு. குலுங்குகிறது என்றார்கள். பெரிய வண்டி வாங்குபவர் இடத்துக்காகத்தான் வாங்குகிறார், அந்த இடத்தில் பேட்டரி உட்கார்ந்தால் கோபம் வரத்தான் செய்யும். எட்டு சூட்கேஸோடு விமான நிலையத்துக்கு வரும் நம் குடும்பங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

நம் ஊர் விஷயம் கொஞ்சம். இங்கே ஃபுல் சைஸ் ஹைப்ரிட் கிடையாது, வந்தாலும் பேஸ்மென்டில் இடமில்லை. ஏழெட்டுப் பேர் உட்காரும் ஹைப்ரிட் என்றால் 2022 கடைசியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸைச் சொல்லலாம். கம்பெனி கணக்கில் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். வரி விஷயத்தில் ஹைப்ரிடை நம் அரசு எந்தப் பக்கம் வைப்பது என்று தீர்மானிக்காமலே இருந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரும்பாலான ஹைப்ரிட் கார்களுக்கு 28 சதவீத வரியும் 15 சதவீத செஸ்ஸுமாக 43. மின்சாரக் காருக்கு அப்போது 12, 2019 ஆகஸ்டிலிருந்து 5. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், பெரிய கார்களுக்கு ஹைப்ரிடோ இல்லையோ ஒரே 40 சதவீதம். ஆகவே பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்கென்று வரியில் தனிச் சலுகை எதுவும் இல்லை. ஹைப்ரிடின் கூடுதல் விலையைப் பெட்ரோல் மிச்சத்திலிருந்துதான் நீங்கள் திரும்ப எடுக்க வேண்டும். மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு அது எந்தக் காலத்தில் நடக்கும் என்று ஷோரூமில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு எத்தனை என்ற எண்ணால் 100ஐ வகுத்தால் போதும், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்களும், அதே அளவு சாதாரணப் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களும், அடுத்த மூன்று மாதம் டேங்க்கை நிரப்பும் ஒவ்வொரு தடவையும் ஓடிய கிலோமீட்டரையும் போட்ட லிட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஊருக்குள் ஓடியதா, நெடுஞ்சாலையா என்றும் ஒரு வார்த்தை எழுதுங்கள். பெயரும் ஃப்ளாட் எண்ணும் வேண்டாம், வண்டியின் மாடல் போதும். அசோசியேஷன் அலுவலகத்தில் சீட்டைக் கொடுத்தால் நான் வாங்கிக்கொள்கிறேன். கணக்குப் போட்டு அடுத்த இதழில் பட்டியலாகத் தருகிறேன்.